பழைய வேனின் கிளட்ச்: ரப்பர் வளையத்தை எப்போது மாற்றுவது?

பேராக்கின் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் பழைய வேனின் கிளட்ச், இன்னும் மோதிர அளவுள்ள ரப்பர் வளையங்களை நம்பியே இயங்குகிறது.

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில், கியர்பெட்டி அருகேயுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இதுவே பாஸ்கல் விதி. ஸ்லேவ் பிஸ்டனின் பரப்பு இருமடங்கானால் விசையும் இருமடங்காகும். ஆனால் அது நகரும் தூரம் பாதியாகிவிடும்.

தூரம் இவ்வளவு குறைவு என்பதால் சிறிது திரவம் கசிந்தாலும், காற்றுக் குமிழி புகுந்தாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது. கியர் கரகரக்கும். சாலை விளக்கில் மிதியை அழுத்தியிருந்தும் வேன் முன்னே ஊரும்.

அறிகுறிகளைக் கவனியுங்கள். கிளட்ச் தட்டு தேய்வதால் திரவ மட்டம் இறங்காது, இறங்கினால் கசிவுதான். மிதியடியில் ஈரம் தெரிந்தால் மாஸ்டர் சிலிண்டர், கியர்பெட்டிப் பக்கம் தெரிந்தால் ஸ்லேவ் சிலிண்டர். எங்கும் ஈரமில்லாமல், அழுத்திப் பிடித்த மிதி மெல்ல இறங்கினால், பெரும்பாலும் மாஸ்டரின் உள்வளையம் தேய்ந்திருக்கும்.

இரண்டும் ஒரே வயதுடையவை என்றால், ஒன்று கெட்டதும் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால் சிலிண்டர் துருப்பிடித்து, புது வளையத்தையும் அறுத்துவிடும். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் வளையம் உப்பிக் கெடும்.

மட்டம் இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே ஓட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது, கசிவை மறைப்பதுதான்.