வெறும் பொறியின் முதற் கேள்வி

பணிசெயல் முறைமை இல்லாத மடிக்கணினி திரியில்லாத விளக்கினை ஒக்கும். திரையும் விசைப்பலகையும் மின்கலமும் உண்டு; ஆயினும் அதனால் ஆகும் பணி யாதும் இல்லை. முன்னர் அம்முறைமையை இறுவட்டிற் கொணர்ந்து நிறுவினர். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டினை இடுதற்கே இடமில்லை. நாற்பது மடிக்கணினிகளை வைத்திருக்கும் ஒரு கல்லூரியில், ஒவ்வொன்றின் அருகிலும் அமர்ந்து நிறுவுவதெனின் நாட்கள் பல கழியும். இவ்விடரைத் தீர்க்க எழுந்ததே வலையமைப்பின் வழியாக நிறுவும் முறை.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. ஒன்றும் அறியாத பொறி, தனக்கு வேண்டியதை எங்ஙனம் கேட்டுப் பெறும்? உண்மையில் அஃது அறவே அறியாமை உடையதன்று. அதன் தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லில் தொடக்க நிரல் ஒன்று உறைகின்றது. வலையமைப்பு அட்டைக்கோ, ஆக்கும்போதே 48 பிற்று அளவான தனி எண் ஒன்று வழங்கப்படுகின்றது. மின்னூட்டியதும், "இவ்வெண்ணுக்கு உரிய முகவரி யாது? தொடங்குதற்குரிய கோப்பு எங்குள்ளது?" என்று அது கம்பியில் உள்ளார் அனைவரையும் நோக்கிப் பொதுவாக வினவும்.

இவ்வாறு வினவும் ஒழுங்கினை, 1985ஆம் ஆண்டில் ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்துப் பில் குரொப்ற், சன் மைக்குரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்து ஜோன் கில்மோர் ஆகிய இருவரும் வகுத்து வெளியிட்டனர். வட்டில்லாப் பொறிகளுக்கென அமைந்த அவ்வொழுங்கின் வழித்தோன்றலே 1993இல் வெளிவந்த டிஎச்சிபி. 1999இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட பிஎக்ஸ்ஈ விவரக்குறிப்பு இவற்றை ஒருங்கிணைத்தது.

சேவையகம் விடை கூறியதும் மடிக்கணினி கோப்பினைக் கேட்கும். அதனைக் கொணரும் ரிஎப்ரிபி என்னும் எளிய முறை, கோப்பினை 512 பைற்றுத் துண்டுகளாக அனுப்பும். ஒரு துண்டு கிடைத்ததென்று மறுமொழி வந்த பின்னரே அடுத்தது புறப்படும். ஒரு மெகாபைற்றுக்கு 2,048 துண்டுகள் வேண்டும். ஆதலின், முதலிற் சிறு ஏற்றி நிரலையே இவ்வழியாகப் பெறுவர். பெருங்கோப்புகளை விரைவான வேறு முறைகளாற் கொணர்தல் வழக்கம்.

இம்முறையின் எளிமையே இதன் குறையுமாகும். ரிஎப்ரிபியில் கடவுச்சொல் இல்லை. விடை கூறுபவர் யாரென்று ஆராயும் ஆற்றலும் அவ்வெறும் பொறிக்கு இல்லை. தீய நோக்குடைய ஒருவர் அதே கம்பியில் தம் கணினியை இணைத்து முந்தி விடை கூறுவாராயின், அவர் தருவதே உள்ளே புகவும் கூடும். இதனாற்றான் பொதுவிடத்து வலையமைப்பில் இதனைச் செய்தல் ஆகாது. தனித்து அமைத்த கம்பி இணைப்பே தக்கது. ஏற்றி நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பான தொடக்க வசதி இருப்பின், அதனை அணைக்காது விடுதல் நன்று.

மேலும் இரண்டு கடமைகள் உள. நிறுவுங்கால் வன்தட்டில் உள்ளவை அழிந்துபோகலாம். ஆதலின் வேண்டியவற்றை முன்னரே படியெடுத்து வைத்தல் வேண்டும். பணி முடிந்ததும் தொடக்க வரிசையை மாற்றி, வன்தட்டினை முதலிடத்தில் வைத்தல் வேண்டும். தானாகவே நிறுவும் ஏற்பாட்டில் இதனை மறந்தால், மறுநாட் காலை மின்னூட்டியவுடன் பொறி மீண்டும் அதே கேள்வியைக் கேட்கும். சேவையகமும் தயங்காது விடை கூறும். மாணவர் முதல்நாள் எழுதிய அனைத்தும் அழிந்தொழியும். கேட்பதற்கு மட்டுமே அறிந்தது பொறி. எப்போது கேட்கலாம், யாரைக் கேட்கலாம் என வரையறுப்பது மனிதரின் பொறுப்பு.