நீராவி மின்நிலையத்தின் பயனுறுதிறனும் புதுப்பிக்கத்தக்க எரிபொருளும்

நீராவி மின்நிலையம் என்பது எரிபொருளை எரித்து, நீரை உயர் அழுத்த நீராவியாக்கி, அந்த நீராவியால் சுழலியை (டர்பைன்) இயக்கி மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையம் ஆகும். எரிபொருளில் உள்ள ஆற்றலில் எத்தனை விழுக்காடு மின்சாரமாக மாறுகிறது என்பதே அந்நிலையத்தின் பயனுறுதிறன் எனப்படும். நிலக்கரியால் இயங்கும் பழைய நிலையங்களில் இது பெரும்பாலும் 33 முதல் 38 விழுக்காடு வரை இருக்கும். கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதற்காகச் சில நிலையங்கள் நிலக்கரியை விட்டு மரம், வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற உயிர்த்திரள் எரிபொருள்களுக்கு மாறியுள்ளன. எரிபொருள் மாறுவதால் மட்டும் பயனுறுதிறன் உயர்ந்துவிடுவதில்லை. உயிர்த்திரள் ஆண்டுதோறும் விளையக்கூடியது என்றாலும் அளவோடுதான் கிடைக்கும். எனவே அதனை வீணாக்காமல் பயன்படுத்துவது நிலக்கரியின் விஷயத்தில் இருந்ததைவிட இன்னும் முக்கியமாகிறது.

வெப்பம் எங்கே போகிறது?

பழைய நிலையம் ஒன்றில் எரியும் நிலக்கரியின் ஆற்றலை 100 பங்கு என்று கொள்வோம். புகைபோக்கி வழியே செல்லும் சூடான வாயுக்களாலும் பிற இழப்புகளாலும் கொதிகலனிலேயே ஏறத்தாழ 12 பங்கு போய்விடும். மீதி 88 பங்கு நீராவியைச் சென்றடையும். அதில் ஏறத்தாழ 38 பங்கு மட்டுமே சுழலியாலும் மின்னியற்றியாலும் மின்சாரமாக மாறும். ஏறக்குறைய 50 பங்கு கண்டென்சர் எனப்படும் குளிர்விப்பானில் குளிர்ந்த நீரால் உறிஞ்சப்பட்டு வெளியேறும். எக்கிகள், விசிறிகள், அரவை எந்திரங்கள் ஆகியவற்றுக்கு நிலையமே 2 முதல் 3 பங்கு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே வெளியே அனுப்பப்படுவது ஏறத்தாழ 35 பங்கு.

மிகப்பெரிய இழப்பு குளிர்விப்பானில்தான் ஏற்படுகிறது. அப்படியானால் நீராவியைக் குளிர்விக்காமல் நேராகக் கொதிகலனுக்கே திருப்பி அனுப்பக் கூடாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 1 கிலோ நீர் 1 லிட்டர் இடத்தைத்தான் அடைக்கும். அதே நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,670 லிட்டர் இடத்தை அடைக்கும். இவ்வளவு பருமனுள்ள ஆவியை மீண்டும் உயர் அழுத்தத்துக்கு அமுக்க, சுழலி தந்த வேலை முழுவதையும் திருப்பிச் செலவிட நேரும். நீராக்கிவிட்டால் மிகச் சிறிய எக்கியே போதும். சுழலியின் வெளிவாயிலில் குறைந்த அழுத்தத்தை உண்டாக்கி, நீராவி நன்றாக விரிவடையச் செய்வதும் குளிர்விப்பானே.

இந்த இழப்புக்கு ஓர் அடிப்படை எல்லையும் உண்டு. பிரான்சு நாட்டின் சாடி கார்னோ 1824இல் வெளியிட்ட கருத்தின்படி, வெப்ப எந்திரம் ஒன்றின் உச்சப் பயனுறுதிறன் அது வெப்பத்தைப் பெறும் வெப்பநிலையையும் வெளியேற்றும் வெப்பநிலையையும் மட்டுமே பொறுத்தது. 540 பாகை செல்சியசில் வெப்பத்தைப் பெற்று 35 பாகையில் வெளியேற்றும் எந்திரத்துக்கு அந்த எல்லை ஏறத்தாழ 62 விழுக்காடு. நீராவி நிலையத்தில் வெப்பத்தின் பெரும்பகுதி இதைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே நீருக்கு ஏற்றப்படுவதால், நடைமுறை அளவு இன்னும் கீழே நிற்கிறது.

பயனுறுதிறனை உயர்த்தும் வழிகள்

நீராவியின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் உயர்த்துவது முதல் வழி. சுழலியில் ஒரு முறை விரிவடைந்த நீராவியைக் கொதிகலனுக்குக் கொண்டுவந்து மறுபடி சூடேற்றுவது இரண்டாவது. சுழலியின் இடையிலிருந்து சிறிது நீராவியை எடுத்து, கொதிகலனுக்குச் செல்லும் நீரை முன்கூட்டியே சூடாக்குவது மூன்றாவது. நீரின் மாறுநிலை அழுத்தமான ஏறத்தாழ 221 பாருக்கு மேல் இயங்கும் நிலையங்கள் 40 விழுக்காட்டைத் தாண்டுகின்றன. டென்மார்க்கின் நோர்டுயூலாண்ட் நிலையத்தில் 1998இல் இயங்கத் தொடங்கிய மூன்றாம் அலகு, குளிர்ந்த கடல்நீரின் உதவியோடு 47 விழுக்காடு வரை எட்டியது.

சில விழுக்காடு உயர்வு சிறிதாகத் தோன்றலாம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். பயனுறுதிறன் 35 விழுக்காடாக இருந்தால் அதற்கு ஏறத்தாழ 2,460 கிலோகலோரி வெப்பம் தேவை. 42 விழுக்காடாக உயர்ந்தால் 2,050 கிலோகலோரி போதும். எரிபொருளில் ஆறில் ஒரு பங்கு மிச்சமாகிறது.

எரிபொருளை மாற்றும்போது

உயிர்த்திரளில் ஈரம் மிகுதி. ஆலையிலிருந்து வரும் கரும்புச் சக்கையின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். ஒரு கிலோ சக்கையில் உள்ள அரைக் கிலோ உலர்பொருள் ஏறத்தாழ 9 மெகாஜூல் வெப்பம் தரும். உடனிருக்கும் அரைக் கிலோ நீரை ஆவியாக்கவே அதில் 1.2 மெகாஜூல் செலவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். சக்கையை உலர்த்தி எரித்தால் நன்மை என்பது இதனால்தான்.

வைக்கோல் போன்றவற்றில் பொட்டாசியமும் குளோரினும் உண்டு. இவற்றின் சாம்பல் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகிக் கொதிகலன் குழாய்களில் ஒட்டி அரிப்பை உண்டாக்கும். அதனால் நீராவியின் வெப்பநிலையை அளவுக்கு மேல் உயர்த்த முடியாது; பயனுறுதிறனும் குறையும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட் எனப்படும் சிறு உருளைத் துண்டுகளில் ஈரமும் சாம்பலும் குறைவு. அவற்றை அரைத்து எரிக்க, பழைய நிலக்கரிக் கொதிகலன்களையே மாற்றியமைக்கலாம். ஆனால் நிலக்கரியைப்போல் திறந்தவெளியில் குவித்துவைக்க முடியாது, நனைந்தால் உதிர்ந்துவிடும். அதன் தூசு தீப்பற்றி வெடிக்கும் அபாயமும் உண்டு.

டிராக்சு, அவெடோர்: இரு எடுத்துக்காட்டுகள்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்சயரில் உள்ள டிராக்சு நிலையம் 1970களிலும் 1980களிலுமாக நிலக்கரிக்காகக் கட்டப்பட்டது. அதன் ஆறு அலகுகளில் நான்கு, 2013 முதல் 2018 வரையிலான காலத்தில் மரப் பெல்லட்டுகளுக்கு மாற்றப்பட்டன. பக்கத்து நிலக்கரி வயலை நம்பித் தொடங்கிய நிலையத்துக்கு இன்று ஆண்டுக்குப் பல லட்சம் டன் பெல்லட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகின்றன. எரிபொருள் மாறியபோதும் நீராவிச் சுழற்சி மாறவில்லை. மரத்தின் ஆற்றலில் பாதியளவு அதன் 12 குளிர்விப்புக் கோபுரங்கள் வழியே காற்றில் கலக்கிறது.

கோபன்கேகனுக்கு அருகிலுள்ள அவெடோர் நிலையத்தின் இரண்டாம் அலகு 2001இல் இயங்கத் தொடங்கியது. இங்கு மரப் பெல்லட்டுகளும் வைக்கோலும் எரிக்கப்படுகின்றன. சுழலியிலிருந்து வெளியேறும் வெப்பம் குழாய்கள் வழியே நகரத்து வீடுகளைச் சூடேற்றுகிறது. இதனால் மின் உற்பத்தி சற்றுக் குறைந்தாலும், மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து எரிபொருளின் ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுகிறது. குளிர்விப்பானில் வீணாகும் பங்கே இங்கு விற்பனைப் பொருளாகிறது.

இந்தியாவில்

வெப்பநாடான இந்தியாவின் பெரும்பகுதியில் வீடுகளைச் சூடேற்றத் தேவையில்லை. ஆனால் ஆலைகளுக்கு வெப்பம் தேவை. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையால் இணை மின் உற்பத்தி நடைபெறுகிறது. சுழலியிலிருந்து வெளிவரும் நீராவியே கரும்புச் சாற்றைக் காய்ச்சப் பயன்படுகிறது. பழைய தாழ் அழுத்தக் கொதிகலன்களுக்குப் பதிலாக உயர் அழுத்தக் கொதிகலன்களை நிறுவிய ஆலைகள், அதே சக்கையிலிருந்து கூடுதல் மின்சாரம் எடுத்து மின்கட்டமைப்புக்கு விற்கின்றன.

வயலில் கொளுத்தப்படும் நெல் தாள்களைப் பெல்லட்டாக்கி நிலக்கரியுடன் கலந்து எரிக்கும் முறை உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி நிலையத்தில் 2017இல் தொடங்கியது. அனல்மின் நிலையங்கள் 5 விழுக்காடு பெல்லட்டுகளைக் கலக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகத்தின் கொள்கை வகுத்தது.

கரிமக் கணக்கு

ஒரே அளவு வெப்பத்துக்கு, மரம் வெளியிடும் கரியமில வாயு நிலக்கரி வெளியிடுவதைவிடச் சற்று அதிகமே. மீண்டும் வளரும் மரங்கள் அதனை உறிஞ்சிக்கொள்ளும் என்பதே அதனைப் புதுப்பிக்கத்தக்கது என்பதற்கான காரணம். வைக்கோலும் சக்கையும் ஓராண்டில் திரும்ப விளையும். முதிர்ந்த மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த வாயு வளிமண்டலத்திலேயே இருக்கும். டிராக்சு போன்ற நிலையங்கள் மீதான முக்கிய விமர்சனம் இதுவே. ஆகவே எரிபொருள் மாற்றம் ஒன்றை மதிப்பிட மூன்று கேள்விகள் உதவும்: அது எவ்வளவு காலத்தில் திரும்ப விளையும்? எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது? அதன் வெப்பத்தில் எத்தனை பங்கு உண்மையில் பயன்படுகிறது?