வடகாட்டுப் பலா



புதுக்கோட்டை மாவட்டம் வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பக்கம் சித்திரை, வைகாசியில் தோட்டமெல்லாம் பலா மணக்கும். விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தெரிந்தவர் தோட்டத்துக்கே போய் வாருங்கள்.

பழுக்கும் பதத்தை எப்படி அறிவது? தட்டினால் மந்தமான ஓசை வரும். முள் மழுங்கி, இடைவெளி விட்டிருக்கும். வாசனையும் காட்டிக்கொடுக்கும். அறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது.

சுளையை அப்படியே சாப்பிடுங்கள். தேனில் தொட்டால் இன்னும் ருசி. கொட்டையை எறிந்துவிடாதீர்கள். அவித்து உப்பிட்டுத் தின்னலாம். கத்தரிக்காய், முருங்கைக்காயோடு புளிக்குழம்பில் போட்டால் மதியச் சோற்றுக்கு அதுவே போதும். பிஞ்சுப் பலாவில் கூட்டும் பொரியலும் செய்யலாம்.

தோட்டத்திலேயே விலை பேசி வாங்கினால், அந்தக் காசு இடையில் யாரிடமும் போகாமல் விவசாயி கைக்கே சேரும்.