காற்றைப் பிழிந்தால் தண்ணீர்

செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஈ.சி.ஆரில் வண்டி ஓட்டுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கம்பெனி கொடுத்த சின்ன இன்டர்கூலரைக் கழற்றிவிட்டு, பம்பருக்குப் பின்னால் அகலமாக, எதிரே வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஒன்றை மாட்டலாமா என்று கேட்கிறார். கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா என்பது துணைக்கேள்வி.

டர்போ என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துக்காரருக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. பையனூரிலேயே டர்போ செய்கிற ஆலை இருக்கிறது. மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த எக்கோஸ்போர்ட், 2013லேயே ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினோடும் கிடைத்தது. அதனால் நேரே வெப்பத்துக்கு வந்துவிடுகிறேன்.

35 டிகிரி வெயில்காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அது சுமார் 130 டிகிரி சூட்டோடு வெளியே வரும். சூடான காற்று விரிந்த காற்று. அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் அபாயமும் உண்டு. அதற்குப் பயந்து எஞ்சினின் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், பிக்கப் போய்விடும். அழுத்தம் குறையாமல் அந்தக் காற்றை 50 டிகிரிக்கு இறக்கினால், சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை ஏறக்குறைய கால் பங்கு கூடும். இன்டர்கூலரின் வேலை இவ்வளவுதான்.

அப்படியானால் பெரியதாகப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். கனத்த கட்டையாக ஒன்றை வாங்கினால், எதிர்க்காற்று முதல் ஓர் அங்குலத்தைக் கடப்பதற்குள்ளேயே சூடாகிவிடுகிறது. பின்னால் இருக்கும் அங்குலங்களுக்குச் சூடான காற்றுதான் மிச்சம். கனத்தைவிட முகப்பின் பரப்பளவுக்குத்தான் மதிப்பு. உள்ளே பாதை நெருக்கமாக இருந்தால், டர்போ பாடுபட்டு ஏற்றிய அழுத்தம் அங்கேயே கரையும். குழாய் நீண்டுகொண்டே போனால், மிதித்ததும் கிடைக்க வேண்டிய இழுவை கொஞ்சம் தள்ளிப்போகும். தட்டையான குழாய்களுக்கு இடையே மெல்லிய துடுப்புகள் வைத்த வகை லேசானது. பின்னால் இருக்கும் ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றை விட்டுக்கொடுக்கும். தகடும் கட்டையுமாக அடுக்கிச் செய்த வகை உறுதியானது. சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் காற்றை மறிக்கும். பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் மே மாதம் மதியம் நிற்கும்போது ஏசியில் அந்த வித்தியாசம் தெரியும்.

என்னைச் சொக்க வைப்பது இதெல்லாம் அல்ல, தண்ணீர். எங்கள் தெரு பஞ்சர் கடையில் காலையில் முதல் வேலையாகக் கம்ப்ரசர் டேங்கின் அடியில் இருக்கும் திருகைத் திறப்பார்கள். புஸ்ஸென்று காற்றோடு தண்ணீர் பீய்ச்சும். யாரும் ஊற்றாத தண்ணீர். இன்டர்கூலருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு மாலை, 32 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அந்தக் காற்றை அப்படியே குளிர்வித்தால் 26 டிகிரிக்கு இறங்கினால்தான் நீர் துளிர்க்கும். இரண்டு மடங்கு அமுக்கிய பிறகோ 38 டிகிரியிலேயே துளிர்த்துவிடும்! கம்பெனியின் சின்ன இன்டர்கூலர் காற்றை 50 டிகிரியில் விட்டால் பிரச்சினை இல்லை. வாசகர் ஆசைப்படும் பெரியது 36 டிகிரிக்கு இறக்கிவிட்டால், ஒவ்வொரு முறை அழுத்தி மிதிக்கும்போதும் உள்ளே கொஞ்சம் வேர்க்கும். வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறதோ, அவ்வளவு நனைகிறது.

பெரும்பாலும் அந்த ஈரம் சேருவதில்லை. கால் எடுத்ததும் அழுத்தம் குறைந்து, காற்றோடு போய்விடும். அடியில் தேங்கினால்தான் வம்பு. அமெரிக்காவில் ஃபோர்டின் எஃப்-150 வண்டிகளில், 2011 முதல் 2013 வரை வந்த 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் எஞ்சின்காரர்கள், ஈரமான நாட்களில் திடீரென்று மிதித்தால் வண்டி குலுங்கி பலம் இழக்கிறது என்று புகார் செய்தார்கள். தேங்கிய நீரை எஞ்சின் ஒரே மடக்காக உறிஞ்சியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு வரை விவகாரம் போனது. சில உரிமையாளர்கள் இன்டர்கூலரின் அடியில் தாங்களே ஊசித்துளை போட்டுக்கொண்டார்கள். நம் கடற்கரைக்குப் பெரியது வாங்குகிறவர், வெளியேறும் வாய் அடிமட்டத்துக்கு மிக உயரே இல்லாததாகப் பார்த்து வாங்கலாம்.

வெளிப்பக்கம் உப்பு. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு காப்புப் படலம் உண்டு. உப்பு அதை அங்கங்கே குத்திப் பொத்தலாக்கும். இரும்பு பிராக்கெட்டில் நேராக முடுக்கினால் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும்; நடுவே ரப்பர் புஷ் வைக்கச் சொல்லுங்கள். கடலோரம் போய் வந்த மறுநாள் சாதாரண ஹோஸில் நல்ல தண்ணீர் விட்டால் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும். குளிர்விக்கும் எந்தக் கருவிக்கும் அடைப்புதான் எதிரி. கல்பாக்கம் அணுமின் நிலையம் நீராவியைக் குளிர்விக்க, கடலுக்கடியில் 468 மீட்டர் சுரங்கம் வழியாகக் கடல்நீரை எடுக்கிறது. அந்தச் சுரங்கத்தில் சிப்பியினங்கள் ஒட்டி வளர்வதைத் தடுக்க குளோரின் கலக்க வேண்டியிருக்கிறது. அங்கே அடைப்பைக் கவனிக்க விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நம் கார் முகப்பில் சேறும் பூச்சியும் அப்பிக்கிடக்கிறதா என்று யார் குனிந்து பார்க்கிறோம்?

கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. பெரிய இன்டர்கூலர் உட்காரவில்லையென்றால், சில இடங்களில் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பட்டையை கட்டர் வைத்து அறுத்துவிடுகிறார்கள். மோதலின் முதல் அடியை வாங்க வைத்த பட்டை அது. இரண்டு டிகிரிக்காக அதை அறுப்பது மடத்தனம். கம்பெனி வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வாரன்டியும் இன்சூரன்ஸும் கைவிட்டுப் போகலாம். முழு பிக்கப்பையும் பார்த்தே தீர வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தடம் இருக்கிறது. ஈ.சி.ஆரில் மீன்கூடையோடு சாலையைக் கடக்கும் அம்மாவுக்கு உங்கள் டர்போவின் அழுத்தம் தெரியாது.

ஆக, வாசகருக்கு: எஞ்சினின் ட்யூனிங்கை மாற்றாமல் கம்பெனி அமைப்பிலேயே ஓட்டுகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். அந்த அழுத்தத்துக்கு இருக்கிற இன்டர்கூலரே போதும். அதைச் சுத்தம் செய்து, ஹோஸ் கிளாம்புகளில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். போன பிக்கப் பாதி அங்கேதான் இருக்கும். கறுப்பு பெயின்ட் மெல்லிய ஒரு பூச்சாக இருந்தால் பாதகமில்லை. தடிமனாக அடித்தால் துடுப்பின் சந்துகள் அடைபடும்.