கண்ணீரும் வெள்ளைக் கருவும்: லைசோசைம் செய்யும் வேலை

விழித்திருக்கும் நேரம் முழுக்கக் கண் காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது. தூசியும் அதில் ஒட்டிவரும் பாக்டீரியாக்களும் ஓயாமல் வந்து விழுகின்றன. ஈரம், இதமான சூடு, உப்பு, புரதம் எல்லாம் அங்கே உண்டு. கிருமி வளர வேறென்ன வேண்டும்? ஆனாலும் பெரும்பாலோருக்குக் கண்ணில் தொற்று வருவது எப்போதோ ஒருமுறைதான். இமை துடைத்துவிடுகிறது, கண்ணீர் கழுவிவிடுகிறது என்றால் அது பாதிப் பதில். மீதிப் பதில் அந்தக் கண்ணீரிலேயே கரைந்திருக்கும் ஒரு நொதி. அதன் பெயர் லைசோசைம். கண்ணீரில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இதுதான். எச்சில், மூக்குச்சளி, தாய்ப்பால், சிறுகுடலின் உட்சுவர் என உடம்பு வெளியுலகைத் தொடும் இடங்களில் எல்லாம் இது சுரக்கிறது. வெள்ளையணுக்களும் இதைத் தங்களுக்குள் சேர்த்து வைத்திருக்கின்றன.

1921 நவம்பரில் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்கு ஜலதோஷம். தன் மூக்குச்சளியை அகர் தட்டில் தடவி வைத்தார். அதில் வளர்ந்த மஞ்சள் நிறக் கிருமி ஒன்றின் மேல் மறுபடி சளியைப் போட்டபோது, சளி பட்ட இடத்தைச் சுற்றிக் கிருமிகள் கரைந்து தட்டு தெளிந்தது. அடுத்து அந்தக் கிருமியை நீரில் கலந்தார். நீர் வெண்மையாகக் கலங்கியது. அதில் ஒரு சொட்டுக் கண்ணீரை விட்டதும் சில நிமிடங்களில் கலங்கல் முழுக்க நீங்கிவிட்டது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கண்ணெதிரே உடைந்துபோயிருந்தன. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கண்ணீர் நிறைய வேண்டியிருந்தது. அவரும் உதவியாளர் ஆலிசனும் எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து கண்ணீரை வரவழைத்துக் கண்ணாடிக் குழாயில் சேர்த்தார்கள். ஆய்வுக்கூடப் பணியாளர்களுக்குச் சில்லறை கொடுத்தும் கண்ணீர் வாங்கினார்கள். கோழி முட்டையின் வெள்ளைக் கருவில் இதே பொருள் ஏராளமாக இருப்பதும் விரைவில் தெரியவந்தது. 1922 இல் ஃபிளெமிங்கின் கட்டுரை வெளியானது. கரைந்துபோன கிருமிக்கு இன்று மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்று பெயர்.

கிருமி எப்படி உடைகிறது? பாக்டீரியாவின் உள்ளே அழுத்தம் மிக அதிகம். சில வகைகளில் வளிமண்டல அழுத்தத்தைப் போல 20 மடங்கு வரை இருக்கும். சைக்கிள் டயரை நினைத்துப் பாருங்கள். காற்றடைத்து முறுக்கேறிய ட்யூபை வெடிக்காமல் பிடித்து வைத்திருப்பது டயருக்குள் ஓடும் நூல்தான். நூல் ஓரிடத்தில் அறுந்தால் ட்யூப் அங்கே பிதுங்கும், பிறகு வெடிக்கும். பாக்டீரியாவைப் பிடித்து வைத்திருக்கும் சுவர் பெப்டிடோகிளைக்கானால் ஆனது. இரண்டு வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மாறிமாறிக் கோத்த நீண்ட இழைகள் அதில் ஓடுகின்றன. அந்த இரு சர்க்கரைகளுக்கும் நடுவே உள்ள பிணைப்பை லைசோசைம் துண்டிக்கிறது. பல இடங்களில் இழை அறுந்ததும் உள்ளழுத்தமே கிருமியை உடைத்துவிடுகிறது.

இந்த வெட்டு நடக்கும் இடத்தை 1965 இல் கண்ணால் பார்க்க முடிந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் கோழி முட்டை லைசோசைமைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அதன் வடிவத்தைக் கணக்கிட்டார்கள். உலகில் முழு வடிவம் தெரியவந்த முதல் நொதி இதுவே. 129 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலி சுருண்டு மடிந்து, நடுவே ஒரு பள்ளத்தை விட்டிருக்கிறது. ஆறு சர்க்கரைகள் நீளத்துக்குப் பாக்டீரியாவின் இழை அந்தப் பள்ளத்தில் வந்து படிகிறது. 35 ஆவது இடத்திலும் 52 ஆவது இடத்திலும் உள்ள இரண்டு அமினோ அமிலங்கள் இருபுறமிருந்தும் வெட்டுகின்றன. குழுவில் இருந்த லூயிஸ் ஜான்சன் என்ற இளம் ஆய்வாளர், சர்க்கரை மூலக்கூறுகள் அந்தப் பள்ளத்தில் எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டினார். ஒரு நொதி வேலை செய்யும் விதத்தை அணு அணுவாக விளக்க முடியும் என்ற நம்பிக்கை உயிர்வேதியியலுக்கு இங்கிருந்துதான் வந்தது என்பேன்.

இத்தனை இருந்தும் ஃபிளெமிங்குக்கு ஏமாற்றமே மிஞ்சியது. சாதாரணக் கிருமிகளை லைசோசைம் கரைத்தது. ஆளைச் சாய்க்கும் கிருமிகள் பலவற்றை அது தொடவில்லை. டைஃபாய்டு, காலரா போன்றவற்றை உண்டாக்கும் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இந்தச் சுவருக்கும் வெளியே இன்னொரு கொழுப்புச் சவ்வு இருப்பதால், நொதி சுவரை எட்டுவதில்லை. சீழ்க் கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் சர்க்கரை இழையிலேயே சிறு வேதி மாற்றம் செய்து வெட்டுப்படாமல் தப்பிக்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உடம்பெங்கும் லைசோசைம் இருக்கும்போது, அதைத் தாண்டத் தெரிந்த கிருமிதான் நோய்க்கிருமியாக முடியும்.

ஆனால் இந்த ஏமாற்றம்தான் பென்சிலினுக்கு வழி போட்டது. கிருமிகள் கரைந்த தட்டைப் பார்த்துப் பழகிய கண்தான் 1928 இல் பென்சிலினைச் சுரந்த பூஞ்சையைச் சுற்றித் தெளிந்த வட்டத்தையும் கவனித்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினை மருந்தாக்கிய ஹோவர்ட் ஃபுளோரியும் முதலில் ஆர்வம் காட்டியது லைசோசைமில்தான். அவருடைய கூடத்தில் லைசோசைமை ஆராய்ந்த எர்ன்ஸ்ட் செயின், அது தொடர்பாகப் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான் ஃபிளெமிங்கின் பென்சிலின் கட்டுரை கையில் கிடைத்தது.

கொல்வதோடு இந்த நொதியின் வேலை முடிவதில்லை. சிறுகுடலில் பேனத் செல்கள் என்று சில உண்டு. அவை லைசோசைமைச் சுரந்து குடலில் வாழும் பாக்டீரியாக்களைக் கட்டுக்குள் வைக்கின்றன. உடைந்த சுவரின் சிறு துண்டுகளை நம் செல்களில் உள்ள நாட்2 என்ற உணரி அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றலுக்குத் தகவல் சொல்கிறது. இந்த உணரியின் மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குக் குடலைப் புண்ணாக்கும் குரோன் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2001 இல் தெரியவந்தது. செத்த கிருமிகளின் சுவர்க் குப்பையை அப்புறப்படுத்தவும் லைசோசைம் வேண்டும். அது குறைந்த எலிகளில், கிருமியின் சுவர் செரிக்காமல் கிடந்து வீக்கம் நீடித்தது.

விலங்குகளில் சில இதை உணவுக்கே பயன்படுத்துகின்றன. பசுவும், நம் நாட்டு லங்கூர் குரங்கும், தின்ற இலையை முதலில் பாக்டீரியாக்களைக் கொண்டு புளிக்கவைத்து, பிறகு அந்தப் பாக்டீரியாக்களையே இரைப்பை லைசோசைமால் செரித்துக்கொள்கின்றன. உறவில் தூரமான இந்த இரண்டின் லைசோசைமும் ஒரே விதமான மாற்றங்களை அடைந்திருக்கின்றன.

மனிதத் தாய்ப்பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் அளவுக்கு லைசோசைம் இருக்கிறது. பசும்பாலில் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதமும் உண்டு. கிராம் நெகட்டிவ் கிருமிகளின் வெளிச் சவ்வை அது குலைத்துவிட, தனியாக உள்ளே நுழைய முடியாத லைசோசைமுக்கு வழி கிடைக்கிறது.

இதே நொதி நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். லைசோசைமை மிகுதியாகச் சுரப்பவை மோனோசைட் எனும் வெள்ளையணுக்கள். இவை புற்றாகப் பெருகும் ரத்தப் புற்றுநோயில் ரத்தத்திலும் சிறுநீரிலும் லைசோசைம் பன்மடங்கு உயர்வதை 1966 இல் நியூயார்க்கில் ஆசர்மனும் லாலரும் கண்டறிந்தார்கள். அந்த மிகுதியே சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். சார்காய்டோசிஸ் நோயிலும் ரத்தத்தில் இதன் அளவு கூடும். கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோயில் கண்ணீரில் இது குறையும்.

இன்னும் கொடியது பரம்பரை லைசோசைம் அமிலாய்டோசிஸ். மனித லைசோசைமின் 130 அமினோ அமிலங்களில் 56 ஆவதோ 67 ஆவதோ மாறியிருந்தால் போதும். புரதம் மடிப்புக் குலைந்து, நாராகத் திரண்டு சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் குடலிலும் படிகிறது. 1993 இல் லண்டனில் மார்க் பெப்பிஸ் குழுவினர் இதை வெளிப்படுத்தினார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிழை வந்தாலே நோய் வரலாம். மிக அரிதான நோய்தான், ஆனால் வருபவர்களின் உறுப்பு முழுதாகச் செயலிழந்து மாற்று உறுப்பு பொருத்தும் நிலை வரை போகும்.

முட்டையிலிருந்து எடுத்த லைசோசைமைப் பாலாடைக்கட்டி கெடாமலிருக்கச் சேர்க்கிறார்கள். பொட்டலத்தில் இ1105 என்ற எண் இருக்கும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஜப்பானில் பல ஆண்டுகள் சளி மாத்திரையாகவும் இது விற்றது. பலன் நிரூபணமாகாததால் 2016 இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

நம் வீடுகளில் இரண்டு பழக்கங்களை இந்த நொதியின் பெயரால் யாரும் நியாயப்படுத்த வேண்டாம். ஒன்று, முட்டையைப் பச்சையாகக் குடிப்பது. வெள்ளைக் கருவில் லைசோசைம் இருந்தாலும், முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிராம் நெகட்டிவ் கிருமி. அதை இது தடுக்காது, ஆகவே முட்டையை வேகவைத்துச் சாப்பிடுங்கள். பிறந்த குழந்தைக்குக் கண்ணில் பீளை தள்ளினால் தாய்ப்பாலை விட்டுப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. பச்சிளம் குழந்தையின் பார்வையைச் சில நாட்களில் பறித்துவிடக்கூடிய கொனோகாக்கஸும் அதே கிராம் நெகட்டிவ் இனம்தான். தாய்ப்பாலைப் பிறந்த முதல் மணி நேரத்திலிருந்தே குழந்தைக்குப் புகட்டுங்கள். கண்ணில் சீழ் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.