காப்பீட்டுக் கோப்பில் தெரிந்த ரத்த அழுத்தம்

கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இல் வெளியிட்டார். மருத்துவமனைகளுக்கு முன்பே அதன் அருமையை உணர்ந்தவர்கள் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் மருத்துவர்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயங்கிய நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் நிறுவனத்தில், விண்ணப்பிப்பவர்களின் பிபியை அளக்கும் வழக்கத்தை 1907 வாக்கிலேயே டாக்டர் ஜான் ஃபிஷர் தொடங்கிவிட்டார்.

வயதானால் பிபி ஏறத்தான் செய்யும், தடித்துப்போன குழாய்களில் ரத்தம் பாய அது தேவையும்கூட என்று அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். 1945-இல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்த அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கும் பல ஆண்டுகளாக பிபி ஏறிக்கொண்டே வந்திருந்தது.

பிபியின் ஆபத்து காப்பீட்டு மருத்துவருக்கு மட்டும் எப்படிப் புலப்பட்டது? மருத்துவமனைக்கு நோய் வந்த பிறகுதான் ஆட்கள் வருகிறார்கள். பாலிசி கேட்டு வருபவரோ நடமாடும் ஆரோக்கியமான மனிதர். அன்று எடுத்த அளவு கோப்பில் இருக்கும். அவர் இறந்தால் குடும்பத்தார் பணம் கேட்டு வருவார்கள், அந்தத் தேதியும் அதே கோப்பில் சேரும். ஆயிரக்கணக்கான கோப்புகளை அடுக்கிப் பார்த்தபோது, பிபி கூடியிருந்தவர்கள் சீக்கிரம் இறந்தது தெரிந்தது. மருத்துவத்துக்கு இது பெரிய கொடை என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர்கள் நியூயார்க் லைஃப் நிறுவனத்தின் டாக்டர் ஆஸ்கர் ரோஜர்ஸும் காப்பீட்டுக் கணிப்பாளர் (ஆக்சுவரி) ஆர்தர் ஹன்டரும். சராசரி மனிதருக்கு 100 புள்ளி. எடை, பிபி, குடும்பத்தில் இருக்கும் நோய் ஆகியவற்றுக்குப் புள்ளி கூடும், சாதகமானவற்றுக்குக் குறையும். ஒருவருக்கு 150 வந்தால், அவரைப் போன்றவர்களிடையே சராசரியைவிட ஒன்றரை மடங்கு மரணம் எதிர்பார்க்கலாம் என்று பொருள். பிரீமியம் அதற்கேற்ப ஏறும். புள்ளி மிகவும் கூடினால் பாலிசி கிடைக்காது. ஆனால் சர்க்கரையும் பருமனும் சேர்ந்தால் ஆபத்து வெறும் கூட்டலோடு நிற்பதில்லை. அங்கேதான் விண்ணப்பத்தின் ஆபத்தை எடைபோடும் அண்டர்ரைட்டரின் அனுபவம் பேசுகிறது.

இன்று எச்பிஏ1சி சோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிறது. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய வாரம் மட்டும் இனிப்பை நிறுத்திப் பயனில்லை. "சுகர் இருப்பதை எழுதாதீர்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மறைத்ததன் சுமை குடும்பத்தின் தலையில் விழும். இந்தியக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி, மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை நிறுவனம் எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது; அதற்குள் என்றால், மறைத்ததைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், அந்த மூன்று ஆண்டுகள் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும்.