கரைக்குப் பட்டா உண்டா?

உழவர் ஒருவரிடம் "உம்முடைய நிலம் எது?" என்று கேட்டால், அவர் பட்டாவை எடுத்துக் காட்டுவார், புல எண்ணைச் சொல்வார், நான்கு எல்லைகளையும் விரல் நீட்டிக் காட்டுவார். அதே கேள்வியைக் கடற்றொழில் புரியும் ஒருவரிடம் கேட்டால், அவர் கரையைத்தான் காட்டுவார். கட்டுமரம் ஏற்றி வைக்கும் மணல்மேடு, வலை உலர்த்தும் வெளி, கரைமடி இழுக்கும் திடல், பெண்கள் கருவாடு காயவைக்கும் களம், மீன் ஏலம் போகும் இடம் ஆகிய இவை அனைத்துமே அவருடைய வயல். ஆயினும் வருவாய்த்துறையின் பதிவேட்டில் இவற்றுள் பெரும்பாலானவை வெறும் 'புறம்போக்கு' என்றே எழுதப்பட்டிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரே உழைத்துப் பிழைத்த இடம், ஏட்டில் எவருக்கும் உரிமையில்லாத இடமாக நிற்கிறது. கடற்கரைப் பங்குகளில் வாழும் நம் குடும்பங்களின் பொருளாதார வாழ்வை ஆராயப் புகுவோர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே.

கரைக்குத் தனிப் பட்டா இல்லையென்றாலும், கரையைக் குறித்தும் கடலைக் குறித்தும் சட்டங்கள் உண்டு. அவற்றை நம் மக்கள் அறிந்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

மூன்று கடல்மைல்

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். 1952-ஆம் ஆண்டில் கையெழுத்தான இந்திய - நார்வே ஒப்பந்தத்தின் பயனாகக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்வள வளர்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. மீனவரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதே அதன் நோக்கம். ஆனால் இறாலுக்கு அயல்நாடுகளில் நல்ல விலை கிடைத்தபோது, இழுவை மடி கொண்ட விசைப்படகுகள் பெருகின. கடலின் அடித்தரையை வாரிச் செல்லும் அம்மடிகள் கரையோரக் கடலிலேயே ஓடின. கட்டுமரத்தாரின் வலைகள் அறுபட்டன, மீன்குஞ்சுகள் அழிந்தன, 1970-களில் கடற்கரையெங்கும் மோதல்கள் மூண்டன. ஒரே கடலை நம்பிய சகோதரர்கள் ஒருவரையொருவர் பகைத்த காலம் அது.

நிலைமையை ஆராய நடுவண் அரசு 1976-இல் மஜும்தார் குழுவை அமைத்தது. 1980-இல் கேரளமும், 1983-இல் தமிழ்நாடும் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் தூரம் வரை, விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது. அப்பகுதி பாரம்பரிய மீனவர்க்கு உரியது. 2001 முதல் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் ஆண்டுதோறும் 45 நாள் தடைக்காலம் கடைப்பிடிக்கப்பட்டது. 2017-இல் அது 61 நாளாக நீட்டப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் நாளிலிருந்து ஜூலை இறுதி வரையிலும் இத்தடை நடைமுறையில் உள்ளது.

இச்சட்டம் தானாக வானிலிருந்து இறங்கவில்லை. ஏழை மீனவர்கள் கூடிக் குரலெழுப்பியதால் வந்தது. ஆனால் சட்டம் வந்தபின், அதைக் காத்துக்கொள்ளும் விழிப்பு மங்கியது. மூன்று மைல் எல்லைக்குள் விசைப்படகு வருவதைக் கண்டவர்கள் கரையில் நின்று சபிப்பதோடு நின்றுவிடுவதும், மீன்வளத்துறைக்கு எழுத்து மூலம் முறையீடு செய்யாமல் விடுவதும் எத்தனை ஊர்களின் வழக்கம்! எழுதப்படாத முறையீடு அரசின் கணக்கில் நடக்காத நிகழ்ச்சியே.

கரையைப் பற்றிய சட்டம்

இனிக் கரைக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1991 பிப்ரவரி 19 அன்று நடுவண் அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் இதன் ஆளுகைக்குள் வந்தது. நாட்டுப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர், கட்டடங்கள் எழுப்பக்கூடாத பகுதியாக வைக்கப்பட்டது. பெருந்தொழிற்சாலைகளும் உல்லாச விடுதிகளும் கரையை விழுங்காதிருக்க இது ஒரு வேலியாயிற்று.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் 2005 மார்ச்சு 30-இல் தமிழக அரசு பிறப்பித்த 172-ஆம் எண் அரசாணை, 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர்க்கு இரண்டு வழிகளைக் காட்டியது. அப்பால் சென்று குடியேறுவோர்க்கு ஏறத்தாழ 1,50,000 ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசமாகக் கிடைக்கும். பழைய இடத்திலேயே இருக்க விரும்புவோர் தம் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசின் உதவி கிடையாது. புதுவீடு பெறுவோர் கரையிலுள்ள பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும். உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. கண்ணெதிரே பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் உள்ளே போக விரும்பியதில் வியப்புமில்லை. எனினும், கடலை விட்டு விலகிய குடும்பம் ஒவ்வொரு நாளும் வலையையும் இயந்திரத்தையும் சுமந்து நடக்க நேர்ந்தது. காற்றையும் நீரோட்டத்தையும் வீட்டு வாசலிலிருந்தே கணித்தவர்கள் அந்த வசதியை இழந்தார்கள். விட்டுவந்த மண்ணில் தம் பிள்ளைகளுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி எஞ்சி நின்றது.

2011-ஆம் ஆண்டு பழைய அறிவிக்கைக்குப் பதிலாகப் புதியதொன்று வந்தது. 2019 ஜனவரி 18-இல் மீண்டும் ஒன்று வந்தது. இந்தப் பிந்தைய அறிவிக்கையின்படி, 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் சதுரக் கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நாட்டுப்புறக் கடற்கரையில், கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைகிறது. மற்ற நாட்டுப்புறப் பகுதிகளில் 200 மீட்டர் நீடிக்கிறது. நெருக்கமாக வாழும் மீனவர்க்கு வீடு கட்ட இடம் கிடைக்கும் என்று இதை வரவேற்போர் உண்டு. ஆனால் ஏழைக்குத் திறக்கும் கதவு செல்வந்தனுக்கும் திறக்கும் அன்றோ? மண் விலை ஏறும் இடத்தில் முதலில் நுழைகிறவன் யார் என்பதை நாம் அறிவோம்.

வரைபடத்தில் நம் ஊர்

இங்கேதான் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அறிவிக்கையின் விதிகள் அப்படியே நிலத்தின்மேல் வந்து உட்காருவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் 'கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம்' என்னும் வரைபடங்களைத் தயாரிக்க வேண்டும். 50 மீட்டர்ச் சலுகையே, முறைப்படி கலந்தாலோசித்துத் தயாரிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற திட்டம் உள்ள இடத்தில்தான் செல்லும். அந்த வரைபடங்களில் மீனவக் கிராமங்கள், அவர்களுடைய பொதுச் சொத்துக்கள், படகுத்துறைகள், ஐஸ் தயாரிக்கும் நிலையங்கள், மீன் உலர்த்தும் களங்கள், மருந்தகம், சாலை, பள்ளி ஆகியவை குறிக்கப்பட வேண்டும் என்றும், மீனவ சமுதாயத்தின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு விரிவான திட்டம் வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

இதன் பொருள் என்ன? வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்காகக் கிடக்கும் கரை, இந்த வரைபடத்தில் ஓர் ஊரின் பொது இடமாக எழுத்தில் ஏற முடியும். பட்டா இல்லாத கரைக்குப் பட்டாவுக்கு அடுத்தபடியான சான்று இதுவே. நேர்மாறாக, அக்களமும் திடலும் வரைபடத்தில் விடுபட்டுப் போனால், நாளை துறைமுகத்துக்கோ விடுதிக்கோ நிலம் தேடுபவர் அவ்விடத்தை வெற்றுமணலாகவே காண்பார். அவர் பொய் சொல்வதாக நாம் குற்றஞ்சாட்ட இயலாது. வரைபடம் அப்படித்தான் சொல்லும்.

2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் வரைவுத் திட்டத்தின் மீது மாவட்டங்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தப்பெற்றபோது, மீனவர்கள் எழுப்பிய மறுப்பும் இதுவே: தங்கள் ஊர்களும் தொழிலிடங்களும் சரிவரக் குறிக்கப்படவில்லை என்றார்கள்.

வளர்ச்சிக்கு நாம் பகைவர்களா?

"மீனவர்கள் எந்தத் திட்டம் வந்தாலும் எதிர்க்கிறார்கள்" என்று சொல்வோர் உண்டு. இது நியாயமான பேச்சன்று. நல்ல படகுத்துறை வேண்டும், பதனிடும் கூடம் வேண்டும், 2017-இன் ஒக்கிப் புயலில் பட்டறிந்தபின் ஆழ்கடலில் எச்சரிக்கை சென்றடையும் கருவிகள் வேண்டும் என்று கேட்பவர்கள் இவர்களே. இவர்கள் கேட்பது வளர்ச்சியில் தங்களுக்கும் ஓர் இருக்கை.

2008-இல் நடுவண் அரசு பழைய அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவை வெளியிட்டது. நாடெங்கும் மீனவர்கள் எதிர்த்தார்கள். டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பின், 2009-இல் அவ்வரைவு கைவிடப்பட்டது. 2016 ஜூலையில் குளச்சலை அடுத்த இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க நடுவண் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. கரையூர்களின் எதிர்ப்பினால் அவ்விடம் மாற்றப்பட்டது. அடுத்துக் குறிக்கப்பட்ட கோவளம் - மணக்குடிக் கரையிலும் மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஒன்றுபட்ட குரலுக்கு ஆற்றல் உண்டென்பதற்கு இவை சான்றுகள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆபத்து வாசலுக்கு வந்தபின் எழுவதைவிட, முன்னரே நம் உரிமையை ஏட்டில் ஏற்றி வைப்பது அறிவுடைமை அன்றோ?

செய்ய வேண்டியவை

ஆகவே ஒவ்வொரு கடற்கரைப் பங்கிலும் சில காரியங்கள் உடனே நடைபெற வேண்டும். முதலாவது, ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் படித்த இளைஞரும் சேர்ந்து கரையை நடந்து பார்த்து, எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று புல எண்ணோடு ஒரு படம் வரைய வேண்டும். கருவாட்டுக் களமும் ஏலமிடமும் பெண்களின் அறிவுக்கே நன்கு தெரியும்; அவர்களை விட்டுவிட்டு வரையும் படம் பாதிப் படமே. இரண்டாவது, அதை அரசின் திட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கிராமசபையில் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். மூன்றாவது, நம் ஆலயங்களின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் இக்குடும்பங்கள் எத்தனை தலைமுறையாக இக்கரையில் வாழ்கின்றன என்பதற்குச் சான்று கூறுவன. அவற்றைச் செல்லரிக்க விடாமல் காப்பது பங்கின் கடமை. நான்காவது, பெருந்திட்டங்களுக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை 30 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிக்க வேண்டும் என்றும், திட்டச் சுருக்கத்தை மக்களின் மொழியில் தரவேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கூறுகிறது. அந்த 30 நாளும் உறங்குவதற்கல்ல, படிப்பதற்கு.

உள்நாட்டுப் பங்குகளின் அன்பர்களே, இது கடற்கரையார் காரியம் என்று ஒதுக்கிவிடலாகாது. உங்கள் இல்லங்களில் வழக்கறிஞர்கள் உண்டு, நில அளவையாளர்கள் உண்டு, அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்கள் உண்டு. ஒரு ஞாயிறு மாலை கரையூர் ஒன்றிற்குச் சென்று, அம்மக்களோடு அமர்ந்து ஒரு மனுவை எழுதிக் கொடுங்கள். கரையைக் காக்க அவர்களிடம் உழைப்பும் துணிவும் இருக்கின்றன. அவர்களுக்குக் குறைவாய் இருப்பது காகிதமே. அதை நம்மால் கொடுக்க முடியும்.